ஈவ்ஸ்டிராப்: கூரைத் தண்ணீர் விழும் இடத்தில் நின்றவன்

போன மாசம் கல்லூரி நண்பர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. லண்டனுக்குப் பக்கத்தில் இருக்கும் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையின் பெரிய மண்டபம். மர உத்தரங்களின் ஓரத்திலிருந்து வர்ணம் பூசிய சின்னச் சின்ன முகங்கள் கீழே எட்டிப் பார்க்கின்றன. படத்தோடு ஒரு கதையும் இருந்தது. அரண்மனையில் யாரும் வம்பு பேசக்கூடாது, சதி செய்யக்கூடாது, ராஜாவுக்குக் கேட்டுவிடும் என்று பயமுறுத்த எட்டாம் ஹென்றி வைத்த பொம்மைகளாம் இவை. கூரையின் இறப்பிலிருந்து தொங்குவதால் அவற்றுக்கு 'ஈவ்ஸ்டிராப்பர்' என்று பேர் வந்ததாம். ஒட்டுக்கேட்பதற்கு ஆங்கிலத்தில் ஈவ்ஸ்டிராப் என்று சொல்வது இப்படித்தான் பிறந்ததாம்.

பொம்மைகள் நிஜம். அவற்றை அந்தப் பேரால் அழைப்பதும் நிஜம். மீதிக் கதை ஒரு தேதியைப் பார்த்தாலே விழுந்துவிடும். ஹென்றி பட்டத்துக்கு வந்தது 1509-ல். நாட்டிங்ஹாம் நகரத்து நீதிமன்றப் பதிவேட்டில் ஒருவரை 'ஈவ்ஸ்டிராப்பர்' என்று குற்றம் சாட்டி எழுதியிருப்பது 1487-ல். பொம்மை பிறக்கும் முன்பே சொல் வழக்கில் இருந்திருக்கிறது, அதுவும் வழக்காடு மன்றத்தில். அந்த மண்டபத்தைக் கட்டினவர்கள் தெரிந்த ஒரு சொல்லை வைத்து ஒரு வேடிக்கை செய்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இந்த மாதிரி சொல்பிறப்புக் கதைகளில் எனக்கு ஒரு எரிச்சல் உண்டு. பொய் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். உண்மையான கதை அதைவிட சுவாரசியமாக இருக்கும்போது அதை மறைத்துவிட்டு நிற்கிறதே, அதுதான் எரிச்சல். இங்கேயும் அதேதான்.

'ஈவ்ஸ்' என்றால் சுவரைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கூரை விளிம்பு. நம்ம ஊர்ப் பக்கம் எறவானம். அரிவாளைச் சொருகி வைப்பது, குடையைச் செருகுவது, ரேஷன் கார்டை மழைத்தாளில் சுற்றி வைப்பது எல்லாம் அங்கேதான். இறவாணம், இறவாரம், இறப்பு என்று பல வடிவம் இருக்கிறது. சங்க இலக்கியத்தில் வெறும் 'இறை'. குறுந்தொகையில் ஒரு குருவி தன் குஞ்சுகளோடு வீட்டு இறையில்தான் தங்குகிறது. (கடவுளும் இறை, வரியும் இறை, கூரை விளிம்பும் இறை. மூன்றும் தலைக்கு மேலே நிற்பவை என்று யாராவது விளக்கம் எழுதுவதற்குள் தாண்டிப் போய்விடுகிறேன்.)

'டிராப்' என்பதை இன்று படிக்கிறவர்கள் 'விழுதல்' என்று எடுத்துக்கொண்டு, கூரையிலிருந்து தொங்கும் ஆளைக் கற்பனை செய்கிறார்கள். விழுவது ஆள் இல்லை, தண்ணீர். பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு 'கூரை விளிம்பிலிருந்து சொட்டும் நீர்' என்று பொருள். அப்புறம் அந்த நீர் விழும் தரைக்கும் அதே பேர். 868-ம் ஆண்டு கென்ட் பகுதியைச் சேர்ந்த ஒரு நிலப்பத்திரத்தில் இந்தச் சொல் வருகிறது. ஊர் வழக்கப்படி கூரைத் தண்ணீர் விழுவதற்கு இரண்டு அடி இடம் விடவேண்டும் என்று அதில் இருக்கிறது. ஒட்டுக்கேட்பதற்கும் அந்தப் பத்திரத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரன் நிலத்தில் உன் வீட்டுத் தண்ணீர் விழக்கூடாது, அதனால் உன் எல்லையில் இரண்டு அடி தள்ளிக் கட்டு, அவ்வளவே.

இதைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது எங்கள் பக்கத்துக் கிரயப் பத்திரங்கள்தான். நான்கு மால் எழுதி முடித்தபின் 'நடைபாதை, ஜலதாரை பாத்தியம் உள்பட' என்று ஒரு வரி வருமே, அது. கூரையிலிருந்து இறங்கும் தண்ணீர் எந்தப் பக்கம் போகும், யார் மண்ணில் விழும் என்பதற்காகப் பங்காளிகள் இரண்டு தலைமுறை பேசாமல் இருந்த கதை எந்த ஊரிலும் ஒன்றாவது இருக்கும். ரோமானியர்களும் இதற்குச் சட்டம் வைத்திருந்தார்கள். 'ஸ்டில்லிசிடியம்' என்று பேர். சொட்டு, விழுதல் என்ற இரண்டு லத்தீன் சொற்களின் சேர்க்கை. என் கூரைத் தண்ணீரை உன் இடத்தில் விழவிடும் உரிமையை விலைக்கு வாங்கலாம், விற்கலாம். 1882-ல் வந்த இந்திய வசதியுரிமைச் சட்டம் முதலில் அமலான இடங்களில் சென்னை மாகாணமும் ஒன்று. அதன்படி இருபது வருஷம் தடையில்லாமல் அனுபவித்தால் இப்படிப்பட்ட உரிமை நிலைத்துவிடும். சொட்டச் சொட்ட உரிமை ஊறும் என்று வைத்துக்கொள்ளலாம்.

சரி, தண்ணீர் விழும் இடம் எப்படி ஆளைக் குறிக்க ஆரம்பித்தது? அந்த இரண்டு அடி இடத்தின் தன்மையை யோசித்துப் பாருங்கள். வீட்டுக்காரருக்குச் சொந்தமான இடம், ஆனால் வீட்டுக்கு வெளியே. சன்னலுக்குப் பக்கம். மேலே கூரை நீட்டிக்கொண்டிருப்பதால் நிழல். தெருவில் போகிறவர் அங்கே நிற்க எந்த முகாந்திரமும் இல்லை. அப்படி ஒருத்தர் நின்றால் அவர் எதற்காக நிற்கிறார் என்று கேட்கவே வேண்டாம். சொல் இடத்திலிருந்து ஆளுக்குத் தாவியது இப்படித்தான். 'ஈவ்ஸ்டிராப்பர்' என்ற ஆள் 15-ம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டார். 'ஈவ்ஸ்டிராப்' என்ற வினை அந்த ஆளைப் பார்த்துப் பிற்பாடு, நூறு வருஷத்துக்கும் மேல் கழித்து, செய்துகொண்டது. முதலில் குற்றவாளி, அப்புறம்தான் குற்றம்.

குற்றம் என்று சும்மா சொல்லவில்லை. 1769-ல் பிளாக்ஸ்டன் எழுதிய ஆங்கிலச் சட்ட விளக்கத்தின் நான்காம் பாகத்தில் இது பொதுத்தொல்லைகளில் ஒன்று. சுவருக்கும் சன்னலுக்கும் இறப்புக்கும் கீழே நின்று வீட்டுப் பேச்சைக் கேட்டு, அதை வைத்து வம்பு கட்டுகிறவர்கள் என்கிறார். கேட்பது, கட்டுவது என்று இரண்டும் சேர்ந்தால்தான் குற்றம் முழுமையாகிறது. தண்டனை அபராதமும் நன்னடத்தைக்கு ஜாமீனும். இது இங்கிலாந்தில் 1967 வரை ஏட்டில் இருந்தது. அந்த வருஷத்துக் குற்றவியல் சட்டம், வாயாடிப் பெண் என்ற குற்றத்தோடும் ராத்திரியில் திரிகிறவன் என்ற குற்றத்தோடும் சேர்த்து இதையும் ஒரே பிரிவில் தூக்கி எறிந்தது.

அதே 1967 டிசம்பர் 18-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கேட்ஸ் வழக்கில் ஒரு தீர்ப்பு சொன்னது. அதற்கு முன் 1928-ல் ஓல்ம்ஸ்டெட் வழக்கில், போலீஸ் வீட்டுக்குள் காலடி வைக்காமல் வெளியே கம்பியில் கொக்கி போட்டுக் கேட்டால் அது சோதனையே ஆகாது என்று சொல்லியிருந்தார்கள். பழைய இரண்டு அடிக் கணக்குதான்: கால் எங்கே இருக்கிறது? 1967-ல் அதை மாற்றி, பாதுகாப்பு ஆளுக்குத்தான், இடத்துக்கு இல்லை என்றார்கள். இங்கிலாந்தில் இறப்புக்குக் கீழே நின்றவனை விடுதலை செய்த வருஷமும், அமெரிக்காவில் காலடிக் கணக்கைக் கைவிட்ட வருஷமும் ஒன்றாக அமைந்தது தற்செயல்தான். ஆனாலும் எனக்குப் பிடித்த தற்செயல்.

இனி கல்லலுக்கு வருகிறேன். இந்தச் சொல்லை நம்ம ஊர் வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்தால் ஒரு சிக்கல் வருகிறது.

செட்டிநாட்டு வீடு பார்த்தவர்களுக்குத் தெரியும். முகப்பு, அதைத் தாண்டி வளவு, அப்புறம் இரண்டாங்கட்டு, அடுப்படி. வளவின் நடுவில் வானம் பார்த்த முற்றம். அதைச் சுற்றித் தூண் வரிசையோடு பத்தி. பத்தியை ஒட்டி வரிசையாக அறைகள். கூரை முற்றத்தை நோக்கி உள்ளே சரிகிறது. மழைத் தண்ணீர் முற்றத்துக்குள் விழ, அண்டாவிலும் கிடாரத்திலும் பிடித்துக்கொள்வார்கள். மீதி ஊருணிக்கு. தண்ணீர்ப் பஞ்சமான சீமையில் ஒரு சொட்டையும் தெருவுக்கு விடக்கூடாது என்பது கணக்கு. அதாவது, ஆங்கிலேயன் வீட்டில் வெளியே விழும் ஈவ்ஸ்டிராப் நம்ம வீட்டில் உள்ளே விழுகிறது. அந்தச் சொட்டுக்குக் கீழே நிற்கிறவர் அந்நியர் இல்லை, வீட்டு ஆள்.

அறைகளின் கணக்கும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒரு அறை. நகரத்தார் வழக்கத்தில் 'வேறு வைத்தல்' என்று ஒன்று உண்டு. ஒரே கூரைக்குக் கீழே இருந்தாலும் மகன் குடும்பத்துக்குத் தனிச் சமையல், தனிக் கணக்கு. கூரை ஒன்று, உலை வேறு, ரகசியம் வேறு. ஆனால் வளவில் சத்தம் பொது.

தெரிந்த ஆச்சி ஒருவரிடம் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். எண்பது தாண்டியவர். பாதி பூட்டிக் கிடக்கும் வீட்டில் இரண்டு அறையில் மட்டும் புழங்குகிறார்.

"ஆச்சி, அந்தக் காலத்துல வளவுல இத்தனை பேர் இருந்தீங்களே, ஒருத்தர் பேச்சு ஒருத்தருக்குக் கேட்காதா?"

"கேக்காம என்ன தம்பி? காதுல விழத்தான் செய்யும். விழுறது வேற, போயி ஒட்டுக் கேக்குறது வேற. காதுல விழுந்ததை வாயில போடக்கூடாது. அதுதான் வீடு."

பிளாக்ஸ்டன் பிரித்த மாதிரியே ஆச்சியும் பிரித்துவிட்டார். காதில் விழுவது குற்றமில்லை, அதை வைத்து வம்பு கட்டுவதுதான் குற்றம். தமிழ் இதில் ஆங்கிலத்தைவிடத் துல்லியம் என்றுகூடச் சொல்வேன். 'காதில் விழுந்தது' என்று சொல்லும்போது பொறுப்பு சத்தத்தின் மேல் போகிறது. சொட்டு மாதிரி அது தானாக விழுகிறது. 'ஒட்டுக்கேட்டான்' என்னும்போது பொறுப்பு ஆளின் மேல். பகலில் பக்கம் பார்த்துப் பேசு, இரவில் அதுவும் பேசாதே என்ற பழமொழியும் இந்தக் கூரை விளிம்பைப் பற்றியதுதான். பகலில் அங்கே நிற்கிறவரைப் பார்த்துவிடலாம், ராத்திரியில் முடியாது.

எனக்குத் தெரிந்து காதில் விழுவதற்கும் ஒட்டுக்கேட்பதற்கும் நடுவில் ஒரு இடம் உண்டு. எண்பதுகளில் பி.பி. எண் என்று ஒன்று இருந்தது. தெருவில் போன் இருக்கும் ஒரே வீட்டின் எண்ணை எல்லாரும் கொடுத்து வைத்திருப்பார்கள். சிங்கப்பூரிலிருந்து அழைப்பு வந்தால் ஒரு பையன் ஓடிப்போய்க் கூட்டிவருவான் (நான்தான் அந்தப் பையன், சில வருஷம்). வந்தவர் அடுத்தவர் வீட்டு முகப்பில் நின்றுகொண்டு, கடல் தாண்டிக் கேட்கவேண்டும் என்று கத்திப் பேசுவார். பணம் வந்ததா, பெண் பார்த்தாச்சா, எல்லாம் தெருவுக்குக் கேட்கும். அங்கே யாரும் ஒட்டுக்கேட்கவில்லை. யாரும் கேட்காமலும் இல்லை.

இப்போது 'ஒட்டு'. இந்தச் சொல்லைப் பற்றி ஒரு வாதம் சுற்றுகிறது. சரியான வடிவம் 'ஒற்றுக்கேட்டல்'தான், ஒற்றன் செய்வது அது, 'ஒட்டு' என்பது கொச்சை என்பார்கள். திருக்குறளில் ஒற்றாடல் என்று ஒரு அதிகாரமே இருக்கிறதே என்று சாட்சிக்கும் அழைப்பார்கள். எனக்கு இது ஒப்பவில்லை. நம்ம பேச்சில் இரட்டை றகரம் எப்படி மாறுகிறது? காற்று காத்து ஆகிறது, நேற்று நேத்து ஆகிறது, கற்று கத்து ஆகிறது. அப்படியானால் ஒற்று, 'ஒத்து' ஆகவேண்டும். 'ஒத்துக் கேட்டான்' என்று யாரும் சொல்வதில்லை. யாழ்ப்பாணத்தில் மட்டும் அந்த றகரத்தை வேறு மாதிரி, நம் காதுக்கு டகரம் போலப் படும் விதத்தில் சொல்வார்கள். அங்கே 'ஒற்று' நமக்கு 'ஒட்டு' போலக் கேட்கலாம். ஆனால் காரைக்குடியிலும் மதுரையிலும் புழங்கும் சொல்லுக்கு யாழ்ப்பாணத்து உச்சரிப்பை மூலமாகக் காட்ட முடியாது. எளிய விளக்கம்தான் சரி: சுவரை ஒட்டி நின்று கேட்பது. கதவில் காதை ஒட்டிக் கேட்பது. ஆங்கிலச் சொல் தரையைப் பிடித்துக்கொண்டது, தமிழ்ச் சொல் சுவரைப் பிடித்துக்கொண்டது. இரண்டிலும் ஒரு ஆள், ஒரு உடம்பு, ஒரு இடம் இருக்கிறது.

(ஒரு நெடில் மாறினால் 'ஓட்டுக் கேட்டல்' ஆகிவிடும். அந்த ஜோக்கைத் தமிழ்நாட்டில் மேடையில் சொல்லாத பேச்சாளர் இல்லை. அதனால் இங்கே வேண்டாம்.)

இதுவரைக்கும் பழைய கதை. எனக்கு உண்மையில் சண்டை போடவேண்டியது இன்னொரு சொல்லோடு.

செல்போன் பேச்சை அரசாங்கம் கேட்பதற்குச் சட்டத்தில் உள்ள பேர் ஈவ்ஸ்டிராப் இல்லை, 'இன்டர்செப்ட்'. லத்தீனில் 'இடையில்' என்பதும் 'பிடி, எடு' என்பதும் சேர்ந்தது. அதே 'பிடி'யிலிருந்துதான் கேப்சர், ரிசீவ், பெர்சீவ், டிசீவ் எல்லாம். பிடிப்பது, பெறுவது, உணர்வது, ஏமாற்றுவது எல்லாம் ஒரு வேர். இதற்குத் தமிழில் நாளிதழ்களும் கலைச்சொல் தொகுப்பவர்களும் 'இடைமறிப்பு' என்று எழுதுகிறார்கள். ஒட்டுக்கேட்பு பேச்சுவழக்கு, இடைமறிப்புதான் தொழில்நுட்பச் சொல் என்று ஒரு மரியாதை வேறு.

மறித்தல் என்றால் என்ன? வழிமறித்தல், சாலைமறியல். ஆட்டைப் பட்டியில் மறிப்பது. தண்ணீரை மறித்து அணை கட்டுவது. இலங்கையில் ரிமாண்டுக்கு விளக்கமறியல். எல்லாவற்றிலும் போவது நிற்கிறது. எதிரி ஏவுகணையை இடைமறித்து அழித்தார்கள் என்று எழுதினால் சரி; அது போய்ச் சேரவில்லை. கடலோரக் காவல்படையின் அதிவேகப் படகுக்கு அந்தப் பேர் இருந்தால் சரி. அது குறுக்கே போய் நிற்கிறது. போன் பேச்சில் என்ன நிற்கிறது? ஒன்றும் நிற்பதில்லை. நீங்கள் பேசுவது பேசியவருக்குப் போய்ச் சேருகிறது, அவர் பதில் உங்களுக்கு வருகிறது. தொலைபேசி நிறுவனத்தின் கருவி அதில் ஒரு நகலை எடுத்து இன்னொரு பக்கம் அனுப்புகிறது. அவ்வளவுதான் நடக்கிறது. பேச்சு மறிக்கப்பட்டால் உங்களுக்குத் தெரிந்துவிடுமே! மறியல் என்றால் மறிக்கப்பட்டவருக்குத் தெரியும். பஸ் நின்றுவிடும், இறங்கி எட்டிப் பார்ப்பீர்கள். இதில் தெரியாமல் இருப்பதுதான் விஷயமே.

இதை நான் வேலையில் தினம் பார்க்கிறேன். இணையச் செயலிகள் எழுதும்போது இன்டர்செப்டர் என்று ஒரு துண்டு நிரல் எழுதுவோம். வெளியே போகும் ஒவ்வொரு கோரிக்கையும் அதன் கை வழியாகப் போகும். அது படித்துப் பார்க்கும், வேண்டுமானால் ஒரு அடையாளச் சீட்டை ஒட்டும், பதிவேட்டில் குறித்துக்கொள்ளும், அனுப்பிவிடும். நல்ல இன்டர்செப்டர் எழுதியிருந்தால் பயன்படுத்துகிறவருக்கு அது இருப்பதே தெரியாது. அதை 'இடைமறிப்பான்' என்று மொழிபெயர்த்தால் புதிதாகப் படிக்கும் பையன் அது கோரிக்கையைத் தடுக்கிறது என்றுதான் நினைப்பான்.

பள்ளிக்கூடக் கணக்கு வாத்தியார்கள் இதைவிட நன்றாகச் செய்தார்கள். ஒரு கோடு அச்சைத் தொடும் இடத்துக்கு ஆங்கிலத்தில் இன்டர்செப்ட் என்றுதான் பேர். தமிழ்ப் பாடநூலில் 'வெட்டுத்துண்டு'. கோடு நிற்பதில்லை, அச்சில் ஒரு துண்டை வெட்டிக்கொண்டு போய்க்கொண்டே இருக்கிறது. பத்தாவது வரை தமிழில் படித்தவன் நான். அந்தச் சொல்லின் நேர்த்தி அப்போது தெரியவில்லை, மதிப்பெண்தான் தெரிந்தது. நீரியலில்கூட மரத்தின் இலைகள் மழையைத் தரைக்கு விடாமல் பிடித்துக்கொள்வதற்கு இன்டர்செப்ஷன் என்பார்கள். அதையும் மறிப்பு என்று சொல்வதைவிடப் பிடிப்பு என்பதுதான் பொருந்தும்.

இந்த மறிப்பு எங்கிருந்து ஒட்டிக்கொண்டது என்றால், எனக்குத் தோன்றுவது, 1885-ம் ஆண்டு தந்திச் சட்டம். அதன் 5(2) பிரிவு, பொது அவசரநிலையிலோ பொதுப் பாதுகாப்புக்காகவோ ஒரு செய்தியை அனுப்பாமல் விடவும், இடையில் எடுக்கவும், நிறுத்திவைக்கவும், வெளிப்படுத்தவும் உத்தரவு போடலாம் என்கிறது. தந்தி என்பது காகிதம். எழுதிக் கொடுக்கிறோம், எழுதி வருகிறது. காகிதத்தை எடுத்தால் அது போகாது. எடுப்பதும் மறிப்பதும் ஏறக்குறைய ஒன்று. 1898-ம் ஆண்டு அஞ்சல் சட்டத்தின் 26-ம் பிரிவும் அப்படித்தான், தபாலுக்கு. பாரதி புதுச்சேரியில் இருந்தபோது 'இந்தியா' பத்திரிகையைப் பிரிட்டிஷ் எல்லைக்குள் வரவிடாமல் செய்தார்களே, 1910-ல் அது நின்றே போனதே, அதுதான் மறிப்பு. வாசகருக்கு இதழ் வரவில்லை, வரவில்லை என்பது தெரிந்தது. தந்திச் சேவையை 2013 ஜூலையில் மூடிவிட்டார்கள். ஆனால் தந்திக்காக எழுதிய சொல் அதற்கப்புறமும் பத்து வருஷம் போனை ஆண்டது. 2023-ல் வந்த தொலைத்தொடர்புச் சட்டத்தின் 20-ம் பிரிவும் அதே இன்டர்செப்டைத் தூக்கிக்கொண்டுதான் வந்திருக்கிறது.

இது வெறும் அகராதிச் சண்டை இல்லை என்று நான் நினைப்பதற்குக் காரணம் இருக்கிறது. அரசியல்வாதிகளின் போன் பேச்சைக் கேட்டது பற்றிய சி.பி.ஐ. அறிக்கை 1991-ல் மெயின்ஸ்ட்ரீம் பத்திரிகையில் வெளியானதைத் தொடர்ந்து பி.யு.சி.எல். அமைப்பு வழக்குப் போட்டது. 1996 டிசம்பர் 18-ல் (மறுபடியும் அந்தத் தேதி!) உச்ச நீதிமன்றம், போன் பேச்சைக் கேட்பது அரசமைப்பின் 21-வது உறுப்பைத் தொடும் விஷயம் என்று சொல்லி நடைமுறை விதித்தது. அது 2007-ல் 419ஏ என்ற விதியானது. உத்தரவு உள்துறைச் செயலாளரிடமிருந்து வரவேண்டும். அறுபது நாள் செல்லும், எவ்வளவு நீட்டினாலும் நூற்றெண்பது நாள். ஏழு வேலை நாளுக்குள் உத்தரவின் நகல் மறுஆய்வுக் குழுவுக்குப் போகவேண்டும். மாநிலத்தில் அந்தக் குழுவுக்குத் தலைமைச் செயலாளர் தலைவர். குழு இரண்டு மாசத்துக்கு ஒரு முறையாவது கூடவேண்டும்.

கவனித்தீர்களா, இந்த ஏற்பாட்டில் பேசுகிறவருக்கு இடமே இல்லை. அவருக்கு அறிவிப்பு இல்லை, மறுப்பு சொல்ல வாய்ப்பு இல்லை. மறித்தல் இல்லாததால்தான் இந்த நிலை. அவருக்காக இருப்பது ஒரு குழுவும் ஒரு காகிதமும் மட்டுமே. 2025 ஜூலை 2-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ஒரு தீர்ப்புக் கொடுத்தார். ஒரு லஞ்ச வழக்கில் 2011-ல் போட்ட போன் கேட்பு உத்தரவு. குற்றத்தைக் கண்டுபிடிக்க ரகசியமாகக் கேட்பது பொது அவசரநிலையும் ஆகாது, பொதுப் பாதுகாப்பும் ஆகாது என்றும், கேட்டதை மறுஆய்வுக் குழுவின் முன் வைக்கவில்லை என்றும் சொல்லி அந்த உத்தரவை ரத்து செய்தார். உத்தரவு போட்டதற்கும் ரத்தானதற்கும் நடுவில் 14 வருஷம்.

'இடைமறிப்பு உத்தரவு ரத்து' என்று படிக்கிற ஒருவருக்கு என்ன புரியும்? ஏதோ எங்கேயோ தடுத்தார்கள், இப்போது தடையை நீக்கினார்கள் என்றுதானே? 'ஒட்டுக்கேட்பு உத்தரவு ரத்து' என்றால் ஆச்சிக்கும் புரியும்.

ஆனால் ஒட்டுக்கேட்புக்கும் எல்லை இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். 2021-ல் பெகாசஸ் செய்தி வந்தபோது தமிழ்ப் பத்திரிகைகள் எல்லாம் 'பெகாசஸ் ஒட்டுக்கேட்பு' என்றுதான் எழுதின. அது சுவருக்கு வெளியே ஒட்டி நிற்பது இல்லை. கம்பியிலும் இல்லை, தொலைபேசி நிறுவனத்திலும் இல்லை. கைபேசிக்குள்ளேயே குடியேறி, மைக்கைத் திறந்து, படங்களை எடுத்து அனுப்புவது. உச்ச நீதிமன்றம் அமைத்த குழு 29 கைபேசிகளைச் சோதித்து 5-ல் ஏதோ தீய நிரல் இருந்தது, அது பெகாசஸ்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றது. எதுவானாலும் அது வளவுக்குள் உட்கார்ந்திருக்கும் ஆள். இதற்கு ஈவ்ஸ்டிராப்பும் பொருந்தாது, இன்டர்செப்டும் பொருந்தாது. 'வேவு' என்று சில பேர் எழுதினார்கள், அது பரவாயில்லை.

ஆங்கிலத்தில் மூன்றாவதாக ஒரு சொல்லும் உண்டு: 'டாப்'. பீப்பாயில் குழாய் போட்டுக் கொஞ்சம் இறக்கிக்கொள்வது. அமெரிக்க உள்நாட்டுப் போரிலேயே தந்திக் கம்பியில் அப்படி இறக்கினார்கள். எடுத்தது போக மீதி ஓடிக்கொண்டே இருக்கும் என்ற உண்மையைச் சொல்வதில் மூன்றில் இதுதான் நேர்மையான சொல். தமிழில் இதை 'போன் டேப்பிங்' என்று எழுதப் போய், ஒலிநாடா டேப்போடு கலந்துவிட்டது. 2010-ல் வந்த 'ராடியா டேப்' நாடாவா குழாயா என்று கேட்டால் பாதிப் பேர் ஒன்றுதானே என்பார்கள். சொட்டு, குழாய், இப்போது 'ஆடியோ கசிந்தது' என்கிறோமே அந்தக் கசிவு, எல்லாமே தண்ணீர்ச் சொற்கள் என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறேன். தண்ணீர் இல்லாத சீமைக்காரன் கண்ணுக்கு அது உடனே பட்டுவிடுகிறது.

என் யோசனை ஒன்று உண்டு. இன்டர்செப்ட் என்பதற்கு, போவது நிற்கும் இடங்களில் மட்டும் இடைமறிப்பு. போவது போய்க்கொண்டே இருக்க நடுவில் எடுத்துக்கொள்ளும் இடங்களில் 'இடைப்பிடிப்பு'. லத்தீன் வேருக்கும் அதுதான் நெருக்கம். முற்றத்தில் அண்டா வைத்துத் தண்ணீர் பிடிக்கிறோம், அதே பிடிப்பு. ஒரு திறமூல மென்பொருளின் தமிழாக்கத்தில் 'இடைமறிப்பான்' இருந்த இடத்தில் 'இடைப்பிடிப்பான்' என்று மாற்றி அனுப்பினேன். பழகிய சொல்லை மாற்றவேண்டாம் என்று இரண்டே நாளில் திருப்பிவிட்டார்கள். மறுபடி அனுப்பியிருக்கிறேன், இந்த முறை வெட்டுத்துண்டுக் கதையையும் சேர்த்து.